வீட்டு மின்கம்பியிடல்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வாடகைக் குடியிருப்புகளை முன்வைத்து ஓர் அறிமுகம்

மின்கம்பியிடல் அல்லது ஒயரிங் என்பது, மின் வாரியத்தின் கம்பியிலிருந்து கட்டடத்துக்குள் வரும் மின்சாரத்தை விளக்கு, மின்விசிறி, பிளக், மோட்டார் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பாகக் கொண்டு சேர்க்கும் அமைப்பையும் அதை நிறுவும் தொழிலையும் குறிக்கும். கம்பி, பைப், சுவிட்ச், பிரிப்புப் பெட்டி, காப்புக் கருவிகள், எர்த் ஆகியவை இதன் உறுப்புகள். வீடுகளுக்கும், மளிகைக்கடை, தேநீர்க்கடை, சிறு அலுவலகம் போன்ற சிறு வணிக இடங்களுக்கும் அடிப்படை விதிகள் ஒன்றே. சுமையின் அளவும் பயன்படும் நேரமுமே மாறுபடும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். அங்கே ஒரே கட்டடம் கடையாகவும், உரிமையாளர் வீடாகவும், தொழிலாளர் தங்கும் லைன் வீடாகவும் இருப்பது வழக்கம். ஒரு குடும்பத்துக்காகப் போட்ட ஒயரிங் அங்கே பலருக்கு உழைக்கிறது. இக்கட்டுரை அத்தகைய ஒரு கட்டடத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒயரிங்கின் அடிப்படைகளை விளக்குகிறது.

பகுதியின் பின்னணி

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று நீண்டு, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் வல்லம், ஒரகடம் என்று இறங்குகிறது இந்தத் தொழிற்பகுதி. 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் இங்கே பல தொழிற்பூங்காக்களை அமைத்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை இயங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010-இலும், பாரத்பென்ஸ் லாரிகளைத் தயாரிக்கும் டைம்லர் 2012-இலும், ராயல் என்ஃபீல்டு 2013-இலும் உற்பத்தியைத் தொடங்கின.

ஆலைகளுக்கு வந்த தொழிலாளர்களுக்குச் சுற்றுக் கிராமங்களே குடியிருப்பாயின. சிப்காட் நிறுவனம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகத்தைக் கட்டி, அது 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. எனினும் ஏராளமானோர் இன்றும் வாடகை அறைகளிலேயே தங்குகின்றனர். விளைநிலத்தின் ஓரத்தில் இருந்த ஓட்டு வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் எழுந்தன. பிறகு மேல்தளம் வந்தது. அறைகள் கூடிய அளவுக்கு ஒயரிங்கும் எர்த்தும் எல்லா இடங்களிலும் புதுப்பிக்கப்படுவதில்லை.

அடிப்படை அளவுகள்

ஒயரிங் கற்பவர் முதலில் நான்கு அளவுகளை அறிய வேண்டும்.

வோல்ட் என்பது மின் அழுத்தம். வீடுகளுக்கு வரும் ஒற்றை ஃபேஸ் மின்சாரம் ஏறத்தாழ 230 வோல்ட். மும்முனை இணைப்பில் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே ஏறத்தாழ 400 வோல்ட் இருக்கும்.

ஆம்பியர் என்பது கம்பியில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு. கம்பியைச் சூடாக்குவது இதுவே.

ஓம் என்பது தடை. கம்பி மெலிந்தாலும் நீண்டாலும் தடை கூடும்.

வாட் என்பது மின்திறன். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 1500 வாட் வெந்நீர் ராடு 1500 ÷ 230 = 6.5 ஆம்பியர் எடுக்கும். 1800 வாட் இண்டக்சன் அடுப்பு 7.8 ஆம்பியர் எடுக்கும். 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு எடுப்பது 0.1 ஆம்பியருக்கும் குறைவு. ஆகவே ஓர் அறையில் எத்தனை விளக்கு என்பதைவிட, சூடாக்கும் கருவி எத்தனை என்பதே முக்கியமான கேள்வி.

கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். கூடுதல் சுமையால் கம்பியின் மேலுறை உருகித் தீப்பிடிப்பதற்கு இதுவே காரணம்.

மின்சாரம் வரும் வழி

கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் மின் வாரியத்தின் மீட்டரில் முடிகிறது. மீட்டர் வரை வாரியத்தின் பொறுப்பு. மீட்டருக்குப் பின் நுகர்வோரின் பொறுப்பு. மீட்டரிலிருந்து மெயின் சுவிட்ச், அதிலிருந்து பிரிப்புப் பெட்டி, அங்கிருந்து தனித்தனிச் சுற்றுகள் என்று மின்சாரம் கிளைக்கிறது.

ஒவ்வொரு சுற்றிலும் மூன்று கம்பிகள் இருக்க வேண்டும். மின்சாரத்தைக் கொண்டுவருவது ஃபேஸ். அது திரும்பும் வழி நியூட்ரல். பழுது நேரும்போது மட்டும் மின்சாரம் செல்லும் பாதுகாப்புப் பாதை எர்த். மும்முனை இணைப்பில் ஃபேஸ்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய நிறங்களும், நியூட்ரலுக்குக் கறுப்பும், எர்த்துக்குப் பச்சை அல்லது பச்சையில் மஞ்சள் கோடும் இந்தியாவில் வழக்கம். கையில் இருக்கும் நிறத்தை வைத்து வேலையை முடிப்பது, பின்னர் அதைத் திறக்கும் மற்றொருவரின் உயிருக்கு ஆபத்தாக முடியும்.

சுவிட்ச் எப்போதும் ஃபேஸ் கம்பியில் இருக்க வேண்டும். நியூட்ரலில் சுவிட்ச் போட்டாலும் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டுப் பல்பு மாற்றுபவருக்கு ஷாக் அடிக்கும்.

கம்பியின் அளவு

செம்புக் கம்பியின் அளவு சதுர மில்லிமீட்டரில் குறிக்கப்படுகிறது. பழைய மின்கம்பியாளர்கள் இன்றும் 3/20, 7/20 என்று கேஜ் கணக்கில் சொல்வதுண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 694, வீட்டு ஒயரிங்கில் பயன்படும் பி.வி.சி. கம்பிகளுக்கான தரம். கம்பியில் இந்த எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

பொதுவான பயன்பாடு பின்வருமாறு:

விளக்கு, மின்விசிறிச் சுற்று: 1.5 சதுர மி.மீ. கம்பி, 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி.

16 ஆம்பியர் பிளக், வெந்நீர்க் கருவி: 2.5 சதுர மி.மீ. கம்பி, 16 ஆம்பியர் எம்.சி.பி.

ஏ.சி., அறைக்குச் செல்லும் முதன்மைக் கம்பி: 4 சதுர மி.மீ. கம்பி, 20 ஆம்பியர் எம்.சி.பி.

எம்.சி.பி. காப்பது கம்பியை. எனவே அதன் ஆம்பியர் கம்பி தாங்கும் அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அடிக்கடி விழுகிறது என்பதற்காக 16-ஐ எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போடுவது, சுவருக்குள் இருக்கும் 2.5 சதுர மி.மீ. கம்பியையே ஃபியூஸாக மாற்றுவதாகும்.

நீளமும் கணக்கில் வரும். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் தடை 1000 மீட்டருக்கு ஏறத்தாழ 7.4 ஓம். மீட்டரிலிருந்து 25 மீட்டர் தொலைவில் உள்ள கடைசி அறைக்குப் போகவர 50 மீட்டர், தடை 0.37 ஓம். 15 ஆம்பியர் ஓடினால் 5.6 வோல்ட் குறையும். 83 வாட் கம்பியிலேயே வெப்பமாகும். அதே இடத்தில் 1 சதுர மி.மீ. கம்பி இருந்தால் 13 வோல்ட்டுக்கு மேல் குறையும். 200 வாட்டுக்கு மேல் வெப்பம் சுவருக்குள் உண்டாகும். வரிசையின் கடைசி அறையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் முதலில் ஐயப்பட வேண்டியது கம்பியை.

சுற்றுகளைப் பிரித்தல்

ஒயரிங் நடைமுறைக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 732. விளக்கு, மின்விசிறிச் சுற்று ஒன்றில் 10 முனைகளுக்கோ 800 வாட்டுக்கோ மேற்படக் கூடாது என்பதும், பவர் சுற்று ஒன்றில் 16 ஆம்பியர் பிளக் இரண்டுக்கு மேல் கூடாது என்பதும் நெடுநாள் நடைமுறை. இப்படிப் பிரிப்பதால், ஒரு சுற்றில் பழுது வந்தால் மற்றவை அணைவதில்லை. இரவில் ஒரு பிளக் பழுதானால் முழு வீடும் இருட்டாக வேண்டியதில்லை.

சிறு வணிக இடங்களில் குளிர்சாதனப் பெட்டி, மாவரைக்கும் கருவி, பெயர்ப்பலகை விளக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சுற்று நல்லது. கடைக்குத் தனி மீட்டர் தேவை. தமிழ்நாட்டில் வீட்டுப் பயன்பாடும் வணிகப் பயன்பாடும் வெவ்வேறு கட்டண வகைகளில் வருவதால், வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு மின்சாரம் எடுப்பது விதிமீறலாகும்.

எடுத்துக்காட்டு: ஆறு அறையும் ஒரு கடையும்

ஆறு வாடகை அறைகள், முன்பக்கம் ஒரு மளிகைக்கடை, ஒரு 1 குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் உள்ள கட்டடத்தை எடுத்துக்கொள்வோம்.

ஓர் அறையின் சுமை: விளக்கு 40 வாட், மின்விசிறி 75 வாட், தொலைக்காட்சியும் கைப்பேசி சார்ஜர்களும் 135 வாட், இண்டக்சன் அடுப்பு 1800 வாட், வெந்நீர் ராடு 1500 வாட். மொத்தம் 3550 வாட், அதாவது 15.4 ஆம்பியர். ஆறு அறைக்கு 21,300 வாட். கடைக்கு 1100 வாட், மோட்டாருக்கு 1100 வாட் சேர்த்தால் இணைப்புச் சுமை 23,500 வாட்.

எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை என்று கொண்டு, வடிவமைப்பவர் இணைப்புச் சுமையில் ஒரு பகுதியை மட்டும் கணக்கில் எடுப்பது வழக்கம். குடும்பங்கள் வாழும் வீட்டில் இது பெரும்பாலும் சரியாக வரும். ஷிப்ட் தொழிலாளர் தங்கும் அறைகளில் அப்படி நம்ப முடியாது. காலை ஷிப்டுக்குக் கம்பெனி பேருந்து வரும் நேரம் எல்லா அறைக்கும் ஒன்றே. விடியும் முன் நான்கு அறைகளில் ராடும் மற்ற இரண்டில் அடுப்பும் ஓடினால் (4 × 1500) + (2 × 1800) = 9600 வாட்; ஒற்றை ஃபேஸில் இது 41.7 ஆம்பியர். பழைய வீட்டுக்குப் போட்ட 4 சதுர மி.மீ. முதன்மைக் கம்பி பைப்புக்குள் தாங்குவது ஏறத்தாழ 25 ஆம்பியர். மின்னோட்டம் 1.67 மடங்கு என்றால் வெப்பம் 2.8 மடங்கு. நாள்தோறும் அரை மணி நேரம் இப்படிச் சூடாகும் கம்பியின் மேலுறை சில ஆண்டுகளில் கருகி நொறுங்கும்.

சரியான அமைப்பு இதுதான். மும்முனை இணைப்புப் பெற்று, ஒரு ஃபேஸுக்கு இரண்டு அறை வீதம் பிரிக்க வேண்டும். கடையை ஒரு ஃபேஸிலும் மோட்டாரை மற்றொரு ஃபேஸிலும் சேர்க்கலாம். கூடுதல் சுமையுள்ள ஃபேஸில் 7100 + 1100 = 8200 வாட், அதாவது 35.7 ஆம்பியர் வரும். மெயினில் 40 ஆம்பியர் நான்கு முனைப் பிரிப்பானும் 10 சதுர மி.மீ. கம்பியும் போதும். ஒவ்வோர் அறைக்கும் 4 சதுர மி.மீ. தனிக் கம்பி, 20 ஆம்பியர் எம்.சி.பி., 25 ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று. அறைக்குள் விளக்குக்கு ஒரு சுற்று, அடுப்புக்கு ஒன்று, வெந்நீருக்கு ஒன்று. அறைகளுக்கும் கடைக்கும் தனித்தனி மீட்டர் வாங்கினாலும் உட்பிரிவு இவ்வாறே அமையும்.

காப்புக் கருவிகள்

எம்.சி.பி. இரண்டு வகைப் பழுதுகளைக் கவனிக்கிறது. கூடுதல் சுமையில் அதன் உள்ளிருக்கும் இருவுலோகப் பட்டை சூடாகி வளைந்து சற்று நேரத்தில் விழும். குறுக்குச்சுற்றில் காந்தச் சுருள் உடனே இழுக்கும். உடனடியாக விழும் அளவு பி வகையில் 3 முதல் 5 மடங்கு, சி வகையில் 5 முதல் 10 மடங்கு. விளக்கு, வெந்நீர்ச் சுற்றுக்குப் பி வகையும், தொடங்கும்போது பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும் மோட்டாருக்குச் சி வகையும் பொருந்தும்.

ஆனால் எம்.சி.பி. மனிதரைக் காப்பதில்லை. உடலில் 10 மில்லி ஆம்பியர் அளவில் பாய்ந்தாலே பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகக்கூடும். அதைவிடச் சில மடங்கு கூடி நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். உடலின் தடையை 1000 ஓம் என்று கொண்டால் 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். இது 16 ஆம்பியரில் எழுபதில் ஒரு பங்கு. எம்.சி.பி.க்கு இது ஒரு சிறு விளக்கின் சுமை போன்றதே, அது விழாது.

இந்த இடத்தில் ஆர்.சி.சி.பி. தேவைப்படுகிறது. அது ஃபேஸில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்புவதையும் ஒப்பிடுகிறது. இரண்டும் சமமாக இல்லாவிட்டால் மின்சாரம் வேறு எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் அது மின்சாரத்தைத் துண்டிக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் கசிவுக் காப்புக் கருவியை வலியுறுத்துகின்றன.

ஆர்.சி.சி.பி. கூடுதல் சுமைக்கு விழாது, எம்.சி.பி. கசிவுக்கு விழாது. இரண்டும் வேண்டும்.

எர்த்

எர்த் இருந்தால் ஷாக் அடிக்காது என்பது பரவலான நம்பிக்கை. அது பாதி உண்மை. வாஷிங் மெஷினுக்குள் ஃபேஸ் கம்பி உடைந்து உலோக உடலைத் தொடுகிறது என்போம். எர்த் குழியின் தடை 5 ஓம் என்றால் 230 ÷ 5 = 46 ஆம்பியர் பாயும்; 16 ஆம்பியர் எம்.சி.பி. சூடாகி விரைவில் விழும். குழி காய்ந்து தடை 20 ஓம் ஆகிவிட்டால் பாய்வது 11.5 ஆம்பியர் மட்டுமே. எம்.சி.பி. எப்போதும் விழாது. மெஷினின் உடல் ஏறத்தாழ முழு 230 வோல்ட்டில் நிற்கும்.

லைன் வீட்டில் இதற்கு மேலும் ஓர் ஆபத்து உண்டு. ஆறு அறைகளின் எர்த் கம்பிகளும் ஒரே குழியில் சேர்வதால், முதல் அறையின் பழுது ஆறாம் அறையின் உலோகக் கருவிகளையும் மின்சாரத்தில் நிறுத்துகிறது. அந்த அறையில் எந்தப் பழுதும் இல்லை. அங்கே இருப்பவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஈரக் கையோடு அவர் தொடும் மெஷினே அவருக்கு எமனாகிறது. அறைக்கு ஓர் ஆர்.சி.சி.பி. இருந்தால் முதல் அறையின் மின்சாரம் மட்டும் உடனே துண்டிக்கப்பட்டு, ஆபத்து அங்கேயே முடியும். எனவே ஒரே ஓர் அறையில்கூட இதை விட்டுவிடக் கூடாது.

எர்த் அமைப்பதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 3043. குழாய் எர்த்துக்கு 40 மி.மீ. உள்விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் பயன்படுகிறது. சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு, தண்ணீர் ஊற்ற மேலே புனல் வைப்பது பழைய முறை. தற்போது ரசாயனக் கலவை இடும் முறையும் உள்ளது. ஏரிகள் நிறைந்த இம்மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஊறி எர்த் தடை குறையும். சித்திரை, வைகாசி வெயிலில் கூடும். ஆகவே தடையைக் கோடையில் அளப்பதே சரியான சோதனை. மழைக்காலத்தில் அளந்த 4 ஓம் கோடைக்கு உத்தரவாதமல்ல.

சில இடங்களில் எர்த் கம்பி போடாமல், பிளக்கின் எர்த் துளையை நியூட்ரலோடு இணைத்துவிடுவதுண்டு. சோதனை விளக்கு எரியும். எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். எங்கேனும் நியூட்ரல் அறுந்தால் அந்த நொடியே கருவிகளின் உடல் முழுவதும் ஃபேஸ் மின்சாரம் ஏறும். ஒயரிங்கில் இதைவிடக் கொடிய குறுக்குவழி இல்லை.

நியூட்ரல் அறுந்தால்

மும்முனை இணைப்பில் பொது நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் கருவிகள் இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே தொடராக மாட்டிக்கொள்ளும். ஒரு ஃபேஸில் 1500 வாட் ராடு (35 ஓம்), மற்றொன்றில் 100 வாட் தொலைக்காட்சி (529 ஓம்) மட்டும் ஓடுவதாகக் கொண்டால், 400 வோல்ட்டில் 375 வோல்ட் தொலைக்காட்சிக்குப் போகும். அது உடனே பழுதாகும். விளக்குகள் சில அறைகளில் அதிகமாக ஒளிர்ந்து, சில அறைகளில் மங்கினால் உடனே மெயினை அணைக்க வேண்டும். நியூட்ரல் கம்பியை முறுக்கி டேப் சுற்றி விடாமல் உரிய டெர்மினலில் இறுக்க வேண்டும். நியூட்ரலில் தனி ஃபியூஸ் வைக்கக் கூடாது. அலுமினிய சர்வீஸ் ஒயரும் செம்புக் கம்பியும் சேரும் இடத்தில் இரண்டுக்கும் பொருந்தும் இணைப்பான் தேவை. நேரடியாக முறுக்கினால் அரிப்பு ஏற்பட்டு இணைப்பு தளரும்.

வேலையின் வரிசை

1. வரைபடத்தில் விளக்கு, மின்விசிறி, பிளக் முனைகளைக் குறித்துச் சுமையைக் கணக்கிடுதல்.

2. கான்கிரீட் போடும் முன் தளத்தில் பைப்பும் ஃபேன் பாக்ஸும் பதித்தல்.

3. சுவர் எழுந்தபின் காடி வெட்டி, பைப்பும் சுவிட்ச் பெட்டியும் பதித்தல். காடி நேராக, செங்குத்தாக இருக்க வேண்டும். குறுக்காகச் சென்றால் பின்னாளில் ஆணி அடிப்பவருக்குக் கம்பி எங்கே போகிறது என்று தெரியாது.

4. பூச்சு காய்ந்தபின் ஸ்பிரிங் விட்டுக் கம்பி இழுத்தல். பைப்பின் உள்ளளவில் பாதிக்கு மேல் கம்பி நிரம்பக் கூடாது. காற்று இருந்தால்தான் வெப்பம் தணியும். பைப்புக்குள் ஒட்டுப் போடவே கூடாது.

5. சுவிட்ச், பிளக், பிரிப்புப் பெட்டி பொருத்துதல். ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் அது எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டுதல்.

6. எர்த் இணைத்துச் சோதித்தல். அதன்பின் மின் இணைப்பு.

வெந்நீர்க் கருவியின் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

சோதனைகள்

மின்சாரம் கொடுக்கும் முன் நான்கு சோதனைகள் செய்யப்படுகின்றன. ஃபேஸ், நியூட்ரல், எர்த் கம்பிகள் அறுபடாமல் உள்ளனவா என்பது தொடர்ச்சிச் சோதனை. 500 வோல்ட் மெக்கர் கொண்டு கம்பிகளுக்கு இடையிலும், கம்பிக்கும் எர்த்துக்கும் இடையிலும் காப்புத் தடை அளக்கப்படும். 50-ஐ முனைகளின் எண்ணிக்கையால் வகுத்துவரும் மெகா ஓம் குறைந்தபட்ச அளவு. முழு நிறுவலுக்கு அது 1 மெகா ஓமுக்கு மேல் தேவையில்லை. சுவிட்ச் ஃபேஸில்தான் உள்ளதா என்பது முனைச் சோதனை. நான்காவது எர்த் தடை.

மின்சாரம் வந்தபின் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்த வேண்டும். உடனே விழ வேண்டும். மாதம் ஒரு முறை இதைச் செய்வது நல்லது.

மழை நாளில் ஆர்.சி.சி.பி. விழுந்தால் அது கெட்டுவிட்டது என்று எண்ணி நேரடியாக இணைத்துவிடுவது பலரும் செய்யும் பிழை. மொட்டைமாடி விளக்கிலோ மோட்டார் இணைப்பிலோ நீர் புகுந்து உண்மையிலேயே கசிவு இருக்கக்கூடும். எல்லாச் சுற்றுகளையும் அணைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால், எதைப் போடும்போது விழுகிறதோ அதில் பழுது உள்ளது. ஒரு சுற்றின் ஃபேஸும் வேறொரு சுற்றின் நியூட்ரலும் கலந்திருந்தாலும் விழும். அது ஒயரிங் செய்தவரின் பிழை.

பயிற்சியும் சான்றிதழும்

விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவது நீங்கலாக, மின் நிறுவல் பணிகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர், தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் இச்சான்றுகளை மின் உரிமம் வழங்கும் வாரியம் அளிக்கிறது.

தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரீசியன், ஒயர்மேன் ஆகிய இரு பிரிவுகளும் 2 ஆண்டுப் படிப்புகள். முதலாவதற்குப் பத்தாம் வகுப்பும் இரண்டாவதற்கு எட்டாம் வகுப்பும் தேர்ச்சி வேண்டும். ஒரகடத்தில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் உள்ளது. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து மாநிலத்தின் அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் அமைக்கப்பட்ட நவீன தொழில்நுட்ப மையங்களின் திறப்பு விழா 2023 ஜூலையில் ஒரகடத்தில் நடைபெற்றது.

படிப்பு இன்றி உதவியாளராகச் சேர்ந்து கற்றவர்களுக்கு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு உள்ளது. ஒயரிங் தொழிலில் 5 ஆண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவமும் 21 வயது நிறைவும் இதற்குத் தேவை. உச்ச வயது வரம்பு இல்லை. பத்து ஆண்டுகளாகக் காடி வெட்டிக் கம்பி இழுத்தவருக்கும் இத்தேர்வு ஒரு வாயில்.

தொடக்கநிலையில் கற்பவர் விடக் கூடாத பழக்கம் ஒன்று உண்டு. மெயினை அணைத்தல், வேறொருவர் போடாதபடி பூட்டுதல் அல்லது ஆள் நிறுத்துதல், பிறகு மின்சாரம் இல்லை என்று சோதித்தல், அதன்பின்னரே தொடுதல். டெஸ்டர் ஒளிராததை மட்டும் நம்பக் கூடாது. மின்சாரம் உள்ள ஓரிடத்தில் அதைச் சோதித்துவிட்டே பயன்படுத்த வேண்டும்.

குடியிருப்போர் கவனிக்க வேண்டியவை

அறையை வாடகைக்கு எடுக்கும்போது வெள்ளை அடித்த சுவரைப் பார்ப்பதோடு பிரிப்புப் பெட்டியையும் திறந்து பார்க்கலாம். சோதனைப் பொத்தான் உள்ள கருவி இருக்கிறதா, பிளக்குகள் மூன்று துளை உடையனவா, அடுப்புக்கு 16 ஆம்பியர் பிளக் உண்டா ஆகிய மூன்றையும் எவரும் பார்த்தறியலாம். பிளக் சூடாவதும், கருகிய வாடையும், கருவியைத் தொடும்போது கூச்சமும் பழுதின் முன்னறிவிப்புகள். வெந்நீர் ராடை அணைத்துப் பிளக்கைக் கழற்றிய பின்னரே தண்ணீரில் கை வைக்க வேண்டும். எக்ஸ்டென்சன் பாக்ஸில் அடுப்பையும் ராடையும் சேர்த்து மாட்டக் கூடாது.

ஒருவருக்கு ஷாக் அடித்தால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும். அது இயலாவிட்டால் உலர்ந்த கட்டையால் கம்பியிலிருந்து விலக்க வேண்டும். மூச்சு இல்லையெனில் மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி 108-ஐ அழைக்க வேண்டும். தெருக் கம்பி அறுந்து விழுந்தாலோ கம்பத்தில் பழுது இருந்தாலோ மின் வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குத் தெரிவிக்கலாம்.

கட்டடச் செலவில் ஒயரிங்கின் பங்கு சிறிது, அதிலும் ஆர்.சி.சி.பி.க்கும் எர்த்துக்கும் ஆகும் தொகை மிகச் சிறிது. இவை இல்லாத கட்டடத்திலும் விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும். குறை வெளியே தெரியாது. பழுது நேரும் நாளில்தான் தெரியும். அதனால் கம்பி சுவருக்குள் மறையும் முன்பே கணக்கிட்டு, சோதித்து, எழுதிவைப்பதே மின்கம்பியிடல் தொழிலின் முதல் பாடமாகும்.